ஃபல்லாஹ்: உழவனின் பெயர் பட்ட பாடு

நாள்தோறும் ஐவேளை பாங்கோசையில் நம் செவியில் விழும் சொற்களுள் ‘ஃபலாஹ்’ என்பதும் ஒன்று. வெற்றி, ஈடேற்றம் என்று அதற்குப் பொருள் கூறுகிறோம். அதே வேரிலிருந்து கிளைத்த மற்றொரு சொல் ‘ஃபல்லாஹ்’. நிலத்தை உழுபவன், குடியானவன் என்பது அதன் பொருள். சில ஆண்டுகளுக்கு முன்னர் சொல்லிலக்கண வகுப்பொன்றில் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதி அவற்றின் உறவை விளக்கிக் கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், மிஸ்ரு நாட்டுக் கதையொன்றில் பட்டணத்தார் ஒருவரையொருவர் ‘ஃபல்லாஹ்’ என்று ஏசிக் கொள்வதாக வருகிறதே! வெற்றிக்கு உறவான சொல் எப்படி வசைச் சொல்லாயிற்று?” என்று வினவினார். அன்று நான் அளித்த விடை அரைகுறையானது. அவ்வினாவுக்கு உரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

வேர் சொல்லும் செய்தி

ஃபா, லாம், ஹா என்னும் மூன்றெழுத்துகளாலான இவ்வேருக்குப் ‘பிளத்தல்’ என்பதே முதற்பொருள் என்பர் அகராதி ஆசிரியர்கள். இரும்பை இரும்பால்தான் பிளக்க வேண்டும் என்னும் பொருள்பட அரபியரிடையே வழங்கிய பழமொழியில் இவ்வினைச் சொல்லே ஆளப்படுகிறது. முள்ளை முள்ளால் எடுக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு ஒப்பானது அது. கீழுதடு பிளவுபட்டவரையும் இவ்வேரைக் கொண்டே குறித்தனர். இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்துப் பெருங்கவிஞரும் வீரருமான அன்தராவுக்கு ‘அல்ஃபல்ஹா’ என்னும் பட்டப்பெயர் ஏற்பட்டது இதனாலேயே.

கொழுமுனையால் மண்ணைப் பிளப்பவன் ‘ஃபல்லாஹ்’. இடைவிடாது ஒரு தொழிலைச் செய்பவனைக் குறிக்கும் ‘ஃபஃஆல்’ என்னும் வாய்பாட்டில் அமைந்த பெயர் இது. தச்சரைக் குறிக்கும் ‘நஜ்ஜார்’, ரொட்டி சுடுபவரைக் குறிக்கும் ‘கப்பாஸ்’ ஆகியனவும் இவ்வாய்பாட்டினவே. ஆகவே, தோற்றத்தில் இஃது ஒரு தொழிற்பெயர் மட்டுமே. இழிவோ உயர்வோ இதன் வேரில் இல்லை.

பிளத்தல் என்னும் பொருளிலிருந்து வெற்றி என்னும் பொருள் பிறந்தது எவ்வாறு? தடைகளைப் பிளந்துகொண்டு வேண்டியதை அடைதல் என்று சிலர் விளக்குவர். மண்ணைப் பிளந்து விதைத்தவன் விளைச்சலைக் காண்பது போல, நன்மையை விதைத்தவன் மறுமையில் அதன் பலனைக் காண்பான் என்று பொருத்திக் காட்டுவாரும் உளர். எவ்வாறாயினும், திருக்குர்ஆனின் இருபத்து மூன்றாம் அத்தியாயமான அல்முஃமினூன் இறைநம்பிக்கையாளரின் வெற்றியை அறிவித்துத் தொடங்கும்போது ஆளும் வினைச்சொல் இவ்வேரிலிருந்து வந்ததே. ஐம்பத்தேழாம் அத்தியாயமான அல்ஹதீதின் இருபதாம் வசனத்தில், மழையால் விளைந்த பயிரைக் கண்டு மகிழும் உழவரைக் குறிக்க ‘குஃப்ஃபார்’ என்னும் சொல் வந்திருப்பதாக விரிவுரையாளர் பலர் கருதுவதும் இங்கு நோக்கத்தக்கது. விதையை மண்ணால் மூடி மறைப்பவர் என்பது அச்சொல்லின் மூலப் பொருள். உண்மையை மூடி மறைப்பவரைக் குறித்த சொல்லே விதையை மூடுபவரையும் குறித்தது. வயலில் பிறந்த சொற்கள் வேதத்தின் மொழியில் எத்துணை ஆழமாக ஊன்றியுள்ளன என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

அன்ஸாரிகளும் கலப்பையும்

எனினும், உழவுத் தொழிலின் மீதான இளக்காரம் அரபகத்தில் பழமையானது. மக்காவின் குறைஷியர் வணிகர்; பாலைவெளியின் அஃராபிகள் மந்தை மேய்ப்போர்; மதீனாவின் அன்ஸாரிகளோ பேரீச்சந் தோட்டங்களை நம்பி வாழ்ந்தோர். பத்ருப் போரில் அபூஜஹ்லை வெட்டி வீழ்த்தியவர்கள் அன்ஸாரி இளைஞர்கள். உயிர் பிரியும் தறுவாயிலும் அவனை வருத்தியது தோல்வி மட்டுமன்று. ஓர் உழவனின் கையாலா சாக வேண்டும், வேறு எவனாவது கொன்றிருக்கலாகாதா என்று அவன் அங்கலாய்த்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. அங்கு அவன் ஆண்ட சொல் ‘அக்கார்’ என்பது. ஃபல்லாஹ் என்பதற்கு அகராதிகள் தரும் பொருள்களுள் ஒன்றும் அதுவே. அன்ஸாரிகள் பயிர்த்தொழில் புரிந்தவர்கள் ஆதலால், அவர்களைத் தாழ்த்தும் நோக்கில் அவன் அவ்வாறு சொன்னான் என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

அதே புகாரியின் வேளாண்மை பற்றிய பகுதி, இவ்விளக்காரத்திற்கு மறுமொழி போலத் தொடங்குகிறது. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பது அவருக்கு தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழி அதன் முதல் பாடத்திலேயே இடம் பெறுகிறது. ஆனால், அதற்கு அடுத்த பாடத்தில் படிப்போரைத் திகைக்க வைக்கும் வேறொரு நபிமொழி வருகிறது. அபூஉமாமா அல்பாஹிலீ (ரலி) அவர்கள் ஒரு கலப்பைக் கொழுவையும் உழவுக் கருவியையும் கண்டபோது, இப்பொருள் ஒரு கூட்டத்தாரின் வீட்டினுள் நுழைந்தால் அங்கு இழிவும் நுழையாதிராது என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவிக்கிறார்கள்.

இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பது எங்ஙனம்? உழவிலேயே மூழ்கிக் கடமைகளை மறப்பதையும் எல்லை கடப்பதையும் பற்றிய எச்சரிக்கை இஃது என்பது இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பாடத்தலைப்பில் காட்டும் முடிவு. மஃக்ரிப் நாட்டு உரையாசிரியர் இப்னுத் தீன் வேறொரு கோணத்தைக் காட்டுகிறார். இது வரவிருப்பதை முன்னறிவித்த சொல்; ஏனெனில் இன்று கண்கூடாகக் காணும் அநீதிகளில் பெரும்பாலானவை உழவர் மீதே நிகழ்கின்றன என்பது அவர் கருத்து. ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் இதை எடுத்தெழுதியுள்ளார்கள்.

இப்னு கல்தூன் இதனை மேலும் தெளிவாக்கினார். 1377இல் மஃக்ரிபில் இயற்றி, பின்னர் கெய்ரோவில் திருத்திய ‘முகத்திமா’வில் உழவு என்பது வலுவற்றோரின் வாழ்வாதாரம் என்று ஒரு தனிப் பிரிவே வகுத்து, மேற்கண்ட நபிமொழியை அங்கு ஆராய்கிறார். உழவனுக்கு வரும் இழிவின் காரணத்தை அவர் மண்ணில் தேடவில்லை, வரியில் தேடினார். நிலத்தோடு கட்டுண்டவன் வரி கொடுத்தாக வேண்டும். வரி கொடுப்பவன் அதிகாரத்தின் கீழ் அடங்கி, வறுமையும் தாழ்வும் அடைகிறான். கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு போய்விடும் பாலைவாசியிடமும், சரக்கை மறைக்கத் தெரிந்த வணிகனிடமும் அரசின் கை எளிதில் எட்டுவதில்லை. நின்ற பயிரை எங்கே ஒளிப்பது? இழிவு தொழிலுக்கு உரியதன்று, அத்தொழில் செய்வோனை அடக்கியாளும் முறைக்கு உரியது என்னும் இக்கருத்தே ‘ஃபல்லாஹ்’ என்னும் சொல்லின் பிற்கால வரலாற்றைத் திறக்கும் திறவுகோல்.

விற்கவும் முடியாத அடிமை

இஸ்லாமிய நாகரிகம் வேளாண்மையை ஓர் அறிவுத்துறையாகப் போற்றியது. ‘ஃபிலாஹா’ என்னும் பெயரால் இராக்கில் இப்னு வஹ்ஷிய்யாவும், இஷ்பீலியாவில் இப்னுல் அவ்வாமும் தந்த நூல்கள் மண்வகை, நீர்ப்பாய்ச்சல், ஒட்டுக்கட்டுதல் ஆகியவற்றை நுணுகி விளக்குகின்றன. கலை மதிக்கப்பட்டது, கலைஞன் மதிக்கப்படவில்லை. இம்முரண்பாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட நாடு எகிப்து.

மம்லூக் ஆட்சியில் நிலங்கள் ‘இக்தா’ என்னும் பெயரில் படைத்தலைவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. நிலத்தின் வருவாய் அவர்களுடையது, உழைப்பு ஃபல்லாஹுடையது. எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸி (மறைவு: ஹிஜ்ரி 845 / கி.பி. 1442), ஊரோடு தங்கி உழும் குடியானவனுக்குத் தம் காலத்தில் ‘ஃபல்லாஹ் கர்ரார்’ என்னும் பெயர் வழங்கியதைக் குறிப்பிடுகிறார். நிலையாகத் தங்கிவிட்ட உழவன் என்பது அதன் பொருள். அப்பகுதியை இக்தாவாகப் பெற்றவருக்கு அவன் பிறவி அடிமை போல் ஆகிவிடுகிறான். ஆனால் அடிமைக்கு உள்ள நம்பிக்கை கூட அவனுக்கில்லை. தான் விற்கப்படுவோம் என்றோ உரிமை விடப்படுவோம் என்றோ அவன் எதிர்பார்க்க இயலாது. அவன் பிள்ளைகளின் நிலையும் அதுவே என்கிறார் மக்ரீஸி. முந்தைய ஃபாத்திமி ஆட்சியில் இவ்வழக்கம் அறியப்படாதது என்றும் அவர் எழுதுகிறார். தொழிலைக் குறித்த பெயர் இவ்வாறு ஒரு கட்டுநிலையைக் குறிக்கும் பெயராக மாறியது.

இக்கொடுமைக்கு எதிராக மார்க்க அறிஞர்கள் வாய் திறக்கவில்லையா? திறந்தார்கள். நம் அரபுக் கல்லூரிகளில் ‘ஜம்உல் ஜவாமிஃ’ என்னும் உஸூல் நூலின் ஆசிரியராக நாம் அறிந்த ஷாஃபிஈ அறிஞர் தாஜுத்தீன் ஸுப்கீ (மறைவு: ஹிஜ்ரி 771 / கி.பி. 1370), டமாஸ்கஸில் காழியாக இருந்தவர். ‘முஈதுன் நிஅம்’ என்னும் நூலில் சுல்தான் தொடங்கிச் சமூகத்தின் பல்வேறு பணியாளர் வரை ஒவ்வொருவரின் கடமையையும் எடுத்துரைக்கிறார். அதில் படைத்துறைச் செயலகத்தின் தீமைகளைப் பட்டியலிடும்போது, உழவரை வற்புறுத்தி நிலத்தில் கட்டிப் போடுவதை அவற்றுள் ஒன்றாகக் கண்டிக்கிறார். ஃபல்லாஹ் சுதந்திர மனிதன்; அவன் மீது எவருக்கும் அதிகாரமில்லை; தனக்குத் தானே அவன் அமீர் என்பது அவர் தீர்ப்பு. ஊரை விட்டுப் போனவனை மூன்றாண்டுகளுக்குள் பிடித்துவந்து மீண்டும் உழச் செய்யும் ஷாம் நாட்டு வழக்கம் செல்லாது என்றும் அவர் எடுத்துரைத்தார். அரசின் ஊதியம் பெறும் நீதிபதி ஒருவர், படைத்தலைவர்களின் வருவாய்க்கு அடிப்படையான முறையையே மறுத்து எழுதிய துணிவு எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஸுப்கீயின் தீர்ப்பு ஏட்டில் நின்றது. வழக்கம் வயலில் நின்றது. அறிஞர் பெருமக்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. சுல்தான் ஸலாஹுத்தீன் ஃபுஸ்தாத்தில் நிறுவிய மாலிகி மத்ரஸா ஒன்று ‘கம்ஹிய்யா’ என்று பெயர் பெற்றது. ‘கம்ஹ்’ என்றால் கோதுமை. ஃபய்யூம் பகுதியில் அதற்கு வக்ஃபாக விடப்பட்ட நிலத்தின் கோதுமை ஆசிரியர்களுக்குப் பங்கிடப்பட்டதால் வந்த பெயர் அது. இப்னு கல்தூனே அங்குப் பாடம் நடத்தியவர். ஓதிக்கொடுத்த நாவுக்கு உணவளித்தது உழுத கைதான்.

ஏளனம் ஏடேறிய காலம்

ஸுப்கீக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அறிஞர் வட்டத்திலிருந்தே நேர்மாறான குரலொன்று எழுந்தது. உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யூசுஃப் அஷ்ஷிர்பீனி என்பவர் ‘ஹஸ்ஸுல் குஹூஃப்’ என்னும் நூலை எழுதினார். கற்பனைக் குடியானவன் ஒருவன் பாடியதாக ஒரு கொச்சைப் பாடலை முன்வைத்து, அதற்கு நம் கிதாபுகளுக்கு எழுதப்படும் ஷர்ஹு முறையிலேயே சொல்சொல்லாக விரிவுரை செய்யும் எள்ளல் நூல் அது. அக்குடியானவனுக்கு அவர் இட்ட பெயர் அபூ ஷாதூஃப். ‘ஷாதூஃப்’ என்பது நைல் நதிக்கரையில் நீர் இறைக்கும் கருவி. நம் வயல்களில் இருந்த ஏற்றமே அது. ஏற்றத்தின் தந்தை என்று பெயரிட்டு, அவனது உணவு, உடை, பேச்சு, தொழுகை, திருமணம் அனைத்தையும் நகைப்புக்குரியதாக்கினார். நாட்டுப்புறத்து ஃபகீஹ்களும் தர்வேஷ்களும் அவர் ஏளனத்திலிருந்து தப்பவில்லை.

ஷிர்பீனியின் நோக்கம் யாது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஏளனத்தின் போர்வையில் உழவரின் துயரைச் சொன்னார் என்பர் சிலர். வரி தண்டுவோர் ஊருக்குள் வரும்போது எழும் அச்சத்தையும், கூலியில்லாக் கட்டாய உழைப்பையும் அந்நூல் விவரிப்பது உண்மையே. ஆயினும் நூலின் சிரிப்பு வரி தண்டுவோனை நோக்கியதன்று, வரி கொடுப்போனை நோக்கியது. கொடுமைக்கு ஆளானவனின் அழுக்கையும் அறியாமையையும் அவன் இயல்பாகக் காட்டிவிட்டால், கொடுமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஃபல்லாஹ் என்னும் சொல்லில் தொழிலும் கட்டுநிலையும் கடந்து, ‘நாகரிகமற்றவன்’ என்னும் மூன்றாம் பொருள் குடியேறியதை இந்நூலில் கண்கூடாகக் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முஹம்மது அலீ பாஷா வரிக்குத்தகை முறையை ஒழித்து நிலத்தை அரசின் நேரடிப் பிடிக்குள் கொணர்ந்தார். அப்போது பழைய குத்தகையாளர்களைப் பார்த்து, உங்கள் காலம் முடிந்தது, இப்போது நாங்கள் பாஷாவின் ஃபல்லாஹ்கள் என்று குடியானவர்கள் சொல்லத் துணிந்ததாக வரலாற்றாசிரியர் ஜபர்த்தீ வருத்தத்துடன் குறிக்கிறார். உழவன் தன் வாயால் இப்பெயரைச் சொன்னதாக ஏட்டில் பதிவான அரிய இடங்களுள் இஃதொன்று. அங்கும் அவன் யாரோ ஒருவருடைய ஃபல்லாஹாகவே தன்னைச் சொல்லிக் கொண்டான். அப்பாஷாவே பின்னர் அவனைக் கால்வாய் வெட்டவும், 1820களிலிருந்து படைக்கும் இழுத்துச் சென்றார்.

ஃபல்லாஹின் மகன் உராபி

படைக்குச் சென்ற ஃபல்லாஹ் சிப்பாயாகவே இருந்தான். அதிகாரிகள் துருக்கியரும் செர்க்காசியருமே. இவ்வாளும் வகுப்பினரின் வாயில் ‘ஃபல்லாஹ்’ என்பது உழவனை மட்டுமன்றி, எகிப்திய மண்ணில் பிறந்து அரபு பேசிய எவரையும் இழித்துரைக்கும் சொல்லாயிற்று. ஸயீத் பாஷாவின் காலத்தில் (1854–1863) உள்நாட்டாருக்கு அதிகாரிப் பதவிகள் திறந்துவிடப்பட்டன. அவ்வழியே உயர்ந்தவர் அஹ்மத் உராபி. 1841இல் ஸகாஸீக் அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, அல்அஸ்ஹரில் சில ஆண்டுகள் பயின்று, படையில் சேர்ந்தவர்.

செர்க்காசிய அதிகாரிகளுக்குச் சலுகை காட்டிய போர் அமைச்சரை எதிர்த்து 1881இன் தொடக்கத்தில் எழுந்த கிளர்ச்சி, அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஆப்தீன் அரண்மனை முன் உராபி தம் படையுடன் கெதீவ் தவ்ஃபீக்கை எதிர்கொண்டபோது உச்சத்தை அடைந்தது. தாங்கள் இறைவனால் சுதந்திரராகப் படைக்கப்பட்டவர்கள், தலைமுறைச் சொத்து அல்லர் என்று கெதீவுக்கு அங்கே பதிலுரைத்ததாக உராபி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். அச்சொற்கள் அப்படியே சொல்லப்பட்டனவா என்று வரலாற்றாசிரியர் ஐயுறுவர். ஆயினும் ஃபல்லாஹ் சுதந்திர மனிதன் என்ற ஸுப்கீயின் தீர்ப்பை நினைவிற் கொண்டு படிக்கும்போது அவற்றின் பொருள் இன்னும் விளங்குகிறது. எதிரிகள் ‘ஃபல்லாஹ்’ என்று சொல்லி ஒதுக்கிய அவர், தம் பெயரோடு ‘அல்மிஸ்ரி’ (எகிப்தியர்) என்று சேர்த்துக் கொண்டார். வசையை ஒரு நாட்டின் பெயராக மாற்றிய செயல் அது.

1882 செப்டம்பரில் தல்லுல் கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற உராபி, தோழர் அறுவருடன் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்திறங்கினார். 1901 வரை இலங்கையில் வாழ்ந்தார். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றோடு இவ்வரலாறு கை கோப்பது இவ்விடத்தில்தான். ‘முஸ்லிம் நேசன்’ இதழை நடத்திய அறிஞர் சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார் முதலியோர் 1892இல் கொழும்பில் மத்ரஸத்துஸ் ஸாஹிராவை நிறுவியபோது உராபி பாஷா அதற்குத் துணை நின்றார். அது பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. தம் நாட்டு ஆளும் வகுப்பார் ஃபல்லாஹ் என்று இகழ்ந்த ஒருவரை, பாஷா என்றே அழைத்து மதித்தது இலங்கை முஸ்லிம் சமுதாயம்.

நாட்டின் முகமான உழவன்

உராபியின் தோல்வியோடு அச்சொல்லின் மாற்றம் நின்றுவிடவில்லை. 1906 ஜூன் 13ஆம் நாள் தின்ஷவாய் என்னும் சிற்றூரில், ஊரார் வளர்த்த புறாக்களை ஆங்கிலேய அதிகாரிகள் வேட்டையாடப் போய்க் கலகம் மூண்டது. அடிபட்டு ஓடிய அதிகாரி ஒருவர் கடும் வெயிலில் விழுந்து மாண்டார். இரு வாரங்களுக்குள் தனி நீதிமன்றம் கூடித் தீர்ப்பளித்து, ஜூன் 28ஆம் நாள் அவ்வூரிலேயே நால்வரைத் தூக்கிலிட்டது. பலருக்குக் கசையடி தந்தது. அந்நீதிமன்றத்தில் அமர்ந்தோரிலும் வழக்குரைத்தோரிலும் படித்த எகிப்தியரும் இருந்தனர் என்பது அந்நாட்டவர் மறவாத வேதனை. அதுவரை ஃபல்லாஹைக் கண்டு நகைத்த கெய்ரோ, முதன்முறையாக அவனுக்காக அழுதது.

அடுத்த சில ஆண்டுகளில், பாரிஸில் சட்டம் பயின்ற முஹம்மது ஹுசைன் ஹைக்கல் ‘ஸைனப்’ என்னும் நாவலை எழுதினார். 1913இல் அது வெளிவந்தபோது ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எகிப்திய ஃபல்லாஹ் ஒருவன்’ என்னும் பொருள்படும் புனைபெயரே இருந்தது. எகிப்தியரை, குறிப்பாக ஃபல்லாஹ்களைத் தாழ்வாக நோக்கிய மேட்டுக்குடியினருக்கு மறுப்பாகவே அப்பெயரைத் தேர்ந்ததாக அவர் பின்னர் விளக்கினார். 1928இல் கெய்ரோ தொடர்வண்டி நிலையச் சதுக்கத்தில் சிற்பி மஹ்மூத் முக்தாரின் ‘எகிப்தின் எழுச்சி’ சிலை திறக்கப்பட்டது. விழித்தெழும் எகிப்துக்கு அவர் தந்த உருவம், முகத்திரையை விலக்கி நிற்கும் ஒரு ஃபல்லாஹாப் பெண். 1955இல் அச்சிலை கெய்ரோ பல்கலைக்கழகத்தின் முன்பு மாற்றி நிறுவப்பட்டது.

பலஸ்தீனத்திலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்தது. 1936இல் தொடங்கிய பேரெழுச்சியின் முதுகெலும்பு குடியானவர்களே. 1938இல் கிளர்ச்சித் தலைமை, நகரத்து ஆண்கள் தர்பூஷ் தொப்பியைக் களைந்து உழவர் அணியும் கூஃபிய்யாத் துணியை அணிய வேண்டுமென ஆணையிட்டது. ஊர்ப்புறத்திலிருந்து வரும் போராளி தலைத்துணியால் அடையாளம் காணப்படாதிருக்க வேண்டும் என்பது அதன் உடனடி நோக்கம். அதுவரை நகரத்தார் இழிவாகக் கருதிய அத்துணி, பின்னர் ஒரு மக்களின் சின்னமாயிற்று.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸைனபை எழுதியவர் நிலவுடைமைக் குடும்பத்து மகன். சிலையைக் காணக் கூடியவர்கள் நகரத்தார். சிலையில் ஃபல்லாஹாப் பெண் நிமிர்ந்து நின்ற அதே நாள்களில் வயலில் அவள் கணவன் பெருநிலக்கிழாரின் ‘இஸ்பா’வில் பருத்தி எடுத்துக் கொண்டிருந்தான். பெயர் உயர்ந்தது, பெயருக்குரியவன் உயரவில்லை.

சட்டம் வகுத்த இலக்கணம்

அவனை உயர்த்தும் முயற்சி 1952இல் மெய்யாகவே தொடங்கியது. புரட்சி அரசு அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாள் பிறப்பித்த நிலச் சீர்திருத்தச் சட்டம், தனியொருவர் உடைமைக்கு 200 ஃபத்தான் என்று வரம்பு கட்டியது. ஒரு ஃபத்தான் ஏக்கரைவிடச் சற்றே பெரிது. 1961இல் அவ்வரம்பு 100 ஆகவும், 1969இல் 50 ஆகவும் குறைந்தது. குத்தகைக்கும் வரம்பு வந்தது. குத்தகையாளரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறு பாதுகாப்பும் வந்தது. எகிப்தில் உழவர் திருநாள் இன்றும் செப்டம்பர் 9ஆம் நாளே கொண்டாடப்படுகிறது. உராபி ஆப்தீனில் நின்றதும் அதே நாளில்தான்.

1960களில், மக்கள் மன்ற இடங்களில் குறைந்தது பாதி தொழிலாளருக்கும் ஃபல்லாஹ்களுக்கும் உரியது என்று விதி வகுக்கப்பட்டது. உடனே, ஃபல்லாஹ் என்பவன் யார் என்னும் வினா எழுந்தது. அகராதி ஆசிரியர்கள் ஆராய்ந்ததைச் சட்ட வல்லுநர்கள் ஆராயலாயினர். தொடக்கத்தில் 25 ஃபத்தானுக்கு மேல் இல்லாதவன் ஃபல்லாஹ் என்றனர். அவ்வளவு நிலமுடையவன் ஊரில் செல்வந்தன் ஆயிற்றே என்னும் எதிர்ப்பு எழுந்தபின் அது 10 ஆயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, உழவையே ஒரே தொழிலாகவும் முதன்மை வாழ்வாதாரமாகவும் கொண்டு நாட்டுப்புறத்தில் வாழ்பவனாய், மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் உட்பட உடைமையிலோ குத்தகையிலோ 10 ஃபத்தானுக்கு மேல் வைத்திராதவனே ஃபல்லாஹ்.

விந்தை என்னவெனில், ஒரு காலத்தில் எவரும் ஏற்க நாணிய பெயரை இப்போது ஏற்கப் பலர் போட்டியிட்டனர். வசதி படைத்தோரும் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் ஃபல்லாஹ் என்றும் தொழிலாளி என்றும் பதிந்துகொண்டு மன்றத்தினுள் நுழைகின்றனர் என்பது எகிப்தில் நெடுங்காலம் எழுந்த குறை. 2014ஆம் ஆண்டு அரசியலமைப்பு அப்பாதி ஒதுக்கீட்டை நீக்கியது. அதற்கு முன்பே, 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று குத்தகைப் பாதுகாப்பை விலக்கி, ஐந்தாண்டு இடைக்காலத்திற்குப் பின் 1997 அக்டோபரில் முழு நடைமுறைக்கு வந்தது. தலைமுறைகளாகக் குத்தகையில் உழுதவர் பலர் நிலமிழந்தனர். இக்காலம் முழுவதும் கெய்ரோவின் தெருப் பேச்சில் நாகரிகம் அறியாதவன் என்னும் பொருள் அச்சொல்லை விட்டு அகலவேயில்லை. வசையும் வாழ்த்தும் ஒரே சொல்லில் அருகருகே குடியிருந்தன.

வினாவுக்கு விடை

வெற்றிக்கு உறவான சொல் எப்படி வசைச் சொல்லாயிற்று என்னும் மாணவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். சொல் தானாக இழியவில்லை. உழவனின் விளைச்சலைப் பறித்தோர், பறித்ததன் நியாயத்துக்காக அவனை இழித்தனர். பின்னர் அவன் துணை தேவைப்பட்டோர் அவனைப் போற்றினர். இகழ்ந்தபோதும் புகழ்ந்தபோதும் அப்பெயருக்குப் பொருள் வகுத்தோர் பிறரே. இவ்விரு சாராரிலும் சேராமல் நின்ற குரல் ஸுப்கீயுடையது. அவர் உழவனை எள்ளவும் இல்லை, பாடிப் புகழவும் இல்லை. அவன் சுதந்திர மனிதன் என்று சட்டம் சொன்னார். ஒரு பெயரின் மதிப்பு அதனைச் சுமப்பவனின் உரிமையைப் பொறுத்தது என்பதை அவ்வறிஞர் அறிந்திருந்தார்.

நம் தமிழும் இவ்வகையில் அரபிக்குச் சளைத்ததன்று. ‘வேளாண்மை’ என்னும் சொல்லுக்குப் பயிர்த்தொழில் என்பதோடு உபகாரம் என்னும் பொருளும் உண்டு. அத்தகைய சொல்லை வைத்திருக்கும் நாமே, நாட்டுப்புறத்தான் என்றும் பட்டிக்காட்டான் என்றும் ஏசவும் செய்கிறோம். வணிகத்தைச் சிறப்பாகக் கருதும் நம் சமுதாயத்தில் ஏர் பிடித்த முஸ்லிம்களின் வரலாறு எழுதப்பட்டதும் மிகக் குறைவே.

அன்று வினவிய அம்மாணவர் காவிரிப் படுகைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய சேர்க்கை விண்ணப்பத்தைப் பின்னொரு நாள் வேறு காரணத்துக்காகப் புரட்ட நேர்ந்தது. தகப்பனார் தொழில் என்னுமிடத்தில் ‘வியாபாரம்’ என்று எழுதியிருந்தார். தகப்பனாரைச் சந்தித்தபோது, அவர் குத்தகைக்கு நெல் பயிரிடுபவர் என்று அறிந்தேன். இதைக் குறித்து மாணவரிடம் நான் ஏதும் கேட்கவில்லை. ஏழாண்டுப் படிப்பு முடிந்து ஸனது வழங்கும் பதிவேட்டுக்காக அவரே மீண்டும் ஒரு படிவத்தை நிரப்பித் தந்தார். அதே இடத்தில் இம்முறை அரபியில் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ஃபல்லாஹ்.